அழித்த விதி திரும்பி வந்தது: வீட்டுத் தானியக்கத்துக்கு ஒரு பலகைக் கணினி

நடைபாதை விளக்கு அதிகாலை 5 மணிக்குத் தானாக எரிய வேண்டும் என்று, வீட்டு விளக்குகளை இயக்கும் சிறு கணினியில் ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். விடியுமுன் எழுந்து நடக்கப் போவதென்ற தீர்மானம் உயிரோடு இருந்த காலத்தில் எழுதியது அது. தீர்மானம் போய்ச் சேர்ந்த பிறகு விதி மட்டும் எதற்கு என்று ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதை அழித்தேன். பட்டியலிலிருந்து அது மறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். சனிக்கிழமை விளக்கு எரியவில்லை. அன்று மாலை மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்தேன். ஞாயிறு அதிகாலை சரியாக 5 மணிக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தது. "அதை எடுத்துட்டேன்னு சொன்னீங்களே?" என்று தூக்கக் கலக்கத்தில் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால், அழித்த விதி பட்டியலில் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. முந்தைய மாலை நிறுவிய பதிப்பைக் காணோம். பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. அறை வெப்பநிலை வரைபடத்தில் கடைசிச் சில நாட்களின் கோடே இல்லை. விதியை வெல்ல முடியாது என்ற பேச்சை அதற்குமுன் நான் இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டதில்லை.

அந்தக் கணினி ராஸ்பெர்ரி பை 3 என்ற, ஒற்றைப் பலகையில் அடங்கிய சிறு கணினி. 2016ஆம் ஆண்டு வந்த மாடல். நான்கு கருக்கள் (கோர்) கொண்ட செயலி, 1 ஜிபி நினைவகம். அதில் ஓடியது ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள். இரண்டின் மீதும் பிழையில்லை. இயங்குதளம் முழுவதையும் சுமந்துகொண்டிருந்த விரல்நுனி அளவு மெமரி கார்டுதான் செத்துப்போயிருந்தது. செத்த விதமும் விசித்திரமானது. எழுதச் சொன்னதையெல்லாம் 'எழுதிவிட்டேன்' என்று ஒப்புக்கொண்டு, உண்மையில் ஒரு எழுத்தைக்கூட எழுதாமல் விட்டுவிட்டது. கணினி நாம் மாற்றியதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடியதால், மறுதொடக்கம் செய்யும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்ததும், கார்டு கடைசியாக உண்மையில் எழுதிய நாளுக்கு வீடு முழுவதும் திரும்பிப்போய்விட்டது.

புதிய பலகையைத் தேடத் தொடங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். எல்லோரும் செய்வதைப் போலவே நானும் முதலில் செயலிகளின் வேகத்தைத்தான் ஒப்பிட்டேன். எத்தனை கருக்கள், எத்தனை கிகாஹெர்ட்ஸ், யாருடைய சோதனையில் எது முந்தியது என்று ஒரு அட்டவணையே போட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு வரிசையில் கேள்விகளை எழுதினேன்: இந்தப் பலகை எதில் எழுதும், மின்சாரத்தை எப்படி வாங்கும், இதன் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, இன்னும் ஐந்தாண்டு கழித்து யார் பராமரிப்பார்கள். செயலியின் வேகம் அந்தப் பட்டியலில் கடைசிக்குப் போனது. வீட்டுத் தானியக்க மென்பொருள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது; கதவு திறந்ததா, யாரேனும் நடந்தார்களா என்ற சிறு செய்திகளுக்காகக் காத்திருப்பதே அதன் தொழில். என் பழைய பை 3ல்கூடச் செயலியின் பயன்பாடு பத்து சதவீதத்தைத் தாண்டியது அரிது. வேகம் போதாமல் என் வீட்டில் விளக்கு எரியாமல் போனதே இல்லை.

எழுதும் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலகையின் ஆயுளை நிர்ணயிப்பது அதுதான். 2013ஆம் ஆண்டு பாலஸ் ஸ்கவுட்சன் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட், ஒவ்வொரு சென்சாரும் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்றில் பதிந்து வைக்கிறது; நாம் எதையும் மாற்றாவிட்டால் 10 நாள் வரலாற்றை வைத்துக்கொள்கிறது. மின்னுகர்வை அளக்கும் ஒரு ஸ்மார்ட் பிளக் வினாடிக்கு ஒருமுறை வாட் கணக்கைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண் மாறிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 86,400 வரிகள் ஆகின்றன. மென்பொருள் இவற்றைச் சேர்த்துவைத்து 5 வினாடிக்கு ஒருமுறை வட்டில் எழுதுகிறது என்றாலும், நாளொன்றுக்கு 17,280 முறை எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எழுதப்படுவது சில கிலோபைட்தான். ஆனால் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. அந்த இடம் அடங்கிய பெரிய தொகுதி முழுவதையும் அழித்துவிட்டுத்தான் மீண்டும் பயன்படுத்த முடியும். ஒரு வரியைத் திருத்தப் பக்கம் முழுவதையும் வேறு தாளில் படியெடுத்துவிட்டுப் பழைய தாளைக் கிழிப்பதைப் போன்றது இது. ஒரு தொகுதியை இத்தனை முறைதான் அழிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. ஒளிப்படங்களைச் சேமிக்கவென்று வடிவமைத்த கார்டுக்கு, நாள் முழுவதும் துளித்துளியாக எழுதும் தரவுத்தளத்தைப் போல மோசமான எஜமானர் வேறு இல்லை.

கார்டின் உறையில் அச்சிட்டிருக்கும் ஏ1, ஏ2 என்ற குறிகளுக்குப் பொருள் உண்டு. ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1,500 சிறு வாசிப்புகளும் 500 சிறு எழுத்துகளும். ஏ2 என்றால் 4,000 வாசிப்புகளும் 2,000 எழுத்துகளும். படம் எடுப்பவர்கள் பார்க்கும் 'வினாடிக்கு இத்தனை மெகாபைட்' என்ற பெரிய எண் நமக்கு அவ்வளவாக உதவாது. ஆனால் இந்தக் குறிகளும் வேகத்தைத்தான் சொல்கின்றன, ஆயுளைச் சொல்வதில்லை. கண்காணிப்புக் கேமராவுக்கென்று விற்கும், நீடித்து உழைக்கும் வகைக் கார்டுகள் இதைவிடப் பொருத்தமானவை. கார்டைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் தேவையில்லாத சென்சார்களைப் பதிவிலிருந்து விலக்கி வைத்தாலே கார்டின் ஆயுள் கணிசமாக நீளும். சமிக்ஞையின் பலம், கடைசியாகக் கண்ட நேரம் போன்ற, யாரும் என்றும் திரும்பிப் பார்க்காத எண்கள்தான் தரவுத்தளத்தைப் பாதிக்கு மேல் நிரப்புகின்றன என்பதை என் வீட்டுக் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது கண்டேன்.

கார்டை விட்டு விலக வேண்டுமென்றால் மூன்று வழிகள். பலகையிலேயே அமரும் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு ஒன்று. ஓட்ராய்டு சி4, என்2பிளஸ் போன்ற பலகைகளில் அதைத் தனித் துண்டாகப் பொருத்தலாம். 2023 செப்டம்பரில் வெளிவந்த ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் பெட்டியில் 32 ஜிபி இஎம்எம்சி உள்ளேயே இருக்கிறது. யுஎஸ்பி வழியாக இணைக்கும் எஸ்எஸ்டி என்ற திடநிலை வட்டு இன்னொன்று. பை 4ல் கார்டே இல்லாமல் யுஎஸ்பியிலிருந்து நேரடியாகத் தொடங்கும் வசதி 2020ஆம் ஆண்டு முறையாகக் கிடைத்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: எஸ்எஸ்டிக்கும் யுஎஸ்பிக்கும் இடையே நிற்கும் மாற்றிக் கேபிளில் உள்ள சில்லு ஒத்துவராவிட்டால், சில மணி நேரம் ஓடிவிட்டு வட்டு திடீரென்று காணாமல் போகும். எனக்குக் கிடைத்த முதல் கேபிள் அப்படிப்பட்டது. அடுத்ததை வாங்கும்போது என் பலகையோடு யாரேனும் பயன்படுத்திப் பார்த்த சில்லுதானா என்று தேடிவிட்டு வாங்கினேன். மூன்றாவது வழி என்விஎம்ஈ, அதாவது யுஎஸ்பி கேபிள் இல்லாமல் நேரடியாகப் பொருத்தும் வேகமான எஸ்எஸ்டி. பை 5ல் அதற்கான பிசிஐஈ என்ற அதிவேக இணைப்பு ஒன்று வெளியே வருகிறது, கூடுதல் பலகை வைத்துத்தான் எஸ்எஸ்டியைப் பொருத்த வேண்டும். ஓட்ராய்டு எம்1ல் அதற்கான இடம் பலகையிலேயே உண்டு. இந்த வேலைக்கு என்விஎம்ஈயின் வேகம் தேவையே இல்லை. கேபிள் ஒன்று குறைகிறது என்பதுதான் அதன் உண்மையான நன்மை.

அடுத்தது மின்சாரம். பழைய செல்பேசி சார்ஜர் ஒன்று எல்லோர் வீட்டிலும் கிடக்கிறது. அது 5 வோல்ட் கொடுக்கிறது, பலகைக்கும் 5 வோல்ட்தான் வேண்டும், பிறகென்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பை பலகைகள் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை எழுதுகின்றன, செயலியின் வேகத்தையும் தாமாகக் குறைத்துக்கொள்கின்றன. சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும், மெல்லிய கேபிளின் நீளத்தில் கொஞ்சம் தொலைந்து, பலகையை அடையும்போது 4.7 ஆகி, எஸ்எஸ்டி விழித்துக்கொள்ளும் கணத்தில் 4.5 ஆகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்சார்களோடு கம்பியில்லாமல் பேசும் யுஎஸ்பி துண்டான ஜிக்பீ டாங்கிள் ஒருமுறை விட்டுப்போகும், நள்ளிரவில் வட்டு ஒருமுறை பிழை காட்டும், நாம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்போம். பதிவேட்டில் மின்னழுத்தக் குறைவு என்ற வரி ஒரே இரவில் பதினான்கு முறை எழுதப்பட்டிருந்ததைக் கண்ட பிறகுதான் நான் மென்பொருளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும். அதன் முதல் தயாரிப்புத் தொகுதிகளில் டைப்-சி துளையின் மின்சுற்றில் ஒரு மின்தடையம் குறைவாக இருந்ததால், சில வகைக் கேபிள்களைச் செருகினால் பலகை விழிக்கவே விழிக்காது. பின்னால் வந்தவற்றில் இது சரிசெய்யப்பட்டது. பழைய பலகையை இரண்டாம் கையாக வாங்குவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பை 5 கேட்பது 5 வோல்ட் 5 ஆம்பியர். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் சார்ஜர்கள் மிகக் குறைவு. மடிக்கணினிக்கு 65 வாட் கொடுக்கும் பெரிய சார்ஜர்கூட 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அதைச் செருகினால் பை 5 ஓடும்தான், ஆனால் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே தருவேன் என்று தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஒரு எஸ்எஸ்டியும் ஒரு டாங்கிளும் அதற்குள் அடங்குவது சந்தேகம். எனவே பலகையோடு அதற்கென்று செய்த மின்வழங்கியையும் சேர்த்தே வாங்குங்கள் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை. இதில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எனக்கு இரண்டு மாதம் போனது.

மின்சாரம் போய்த் திரும்பும்போது இன்னொரு சங்கதி நடக்கிறது. பை 5க்கு முந்தைய பலகைகளில் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பியதும் பலகை, தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தையே இப்போதைய நேரமென்று நம்பி எழுந்து, இணையம் கிடைத்த பிறகு திருத்திக்கொள்கிறது. ரவுட்டர் எழுந்து நிற்கப் பலகையைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் வீட்டில், அந்தச் சில நிமிடங்கள் கணினி கடந்த காலத்தில் வாழ்கிறது. மாலை ஆறரைக்கு எரிய வேண்டிய விளக்கு, பிற்பகல் மூன்று என்று நம்பும் கணினியிடம் காத்திருக்கிறது. பிறகு நேரம் ஒரே தாவலில் ஏழுக்குப் போகும்போது ஆறரை என்ற கணம் வராமலே கடந்துவிடுகிறது. பை 5ல் கடிகாரம் உண்டு என்றாலும் அதற்கான சிறு மின்கலத்தைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். பெரும்பாலோர் செருகுவதில்லை.

இனி ரேடியோ. ஜிக்பீ சென்சார்களைப் பயன்படுத்துவோருக்குப் பலகையின் தேர்வைவிட அதில் டாங்கிளை எங்கே, எப்படிச் செருகுகிறோம் என்பதே பெரிதாகிவிடக்கூடும். ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 26 வரையிலான பதினாறு சேனல்களில் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 துளையில் தரவு ஓடும்போது அதே பட்டையில் இரைச்சல் கசிகிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையில் அளந்து காட்டியிருக்கிறது. பை 4ல் இரண்டு யுஎஸ்பி 3.0 துளைகளும் இரண்டு யுஎஸ்பி 2.0 துளைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. எஸ்எஸ்டியை யுஎஸ்பி 3.0க்கான நீலத் துளையிலும் டாங்கிளை அதன் பக்கத்துத் துளையிலும் செருகினால், சந்தைக் கூச்சலின் நடுவே நின்றுகொண்டு அடுத்த தெருவில் முணுமுணுப்பவரின் பேச்சைக் கேட்க முயல்வதுபோல் ஆகிவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான். எஸ்எஸ்டிக்கு மாறிய அன்றே குளியலறை ஈரப்பத சென்சாரும் வாசற்கதவு சென்சாரும் பட்டியலில் சாம்பல் நிறமாகிவிட்டன. மின்கலத்தை மாற்றினேன், சென்சாரைப் பிரித்து மீண்டும் இணைத்தேன், டாங்கிளின் மென்பொருளைப் புதுப்பித்தேன், எதற்கும் அசையவில்லை. கடைசியில் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளை எடுத்து, டாங்கிளைப் பலகையை விட்டு விலக்கி அலமாரியின் மேலே வைத்தேன். நான் ஏணியிலிருந்து இறங்கி வருவதற்குள் வாசற்கதவு சென்சார் திரும்பி வந்திருந்தது. ஹோம் அசிஸ்டன்ட் நிறுவனத்தார் தங்கள் ஸ்கைகனெக்ட் டாங்கிளோடு ஒரு நீட்டிப்புக் கேபிளையும் பெட்டியிலேயே வைத்து அனுப்பியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சேனலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைஃபை 1, 6, 11 என்ற சேனல்களில் இருக்குமானால், ஜிக்பீயின் 15, 20, 25 ஆகியவை அவற்றின் இடைவெளிகளிலும் விளிம்பிலும் விழுகின்றன. தொடக்கத்திலேயே இதைத் தேர்ந்துவிட வேண்டும், ஏனென்றால் நாற்பது சென்சார்கள் இணைந்த பிறகு சேனலை மாற்றுவதென்பது சிலவற்றை மீண்டும் கையால் இணைக்கும் வேலையில் முடிகிறது. சிசி2531 சில்லு கொண்ட பழைய டாங்கிள்களை, மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்; அதனோடு நேரடியாக இருபது கருவிகள் இணைந்ததும் அது திணறத் தொடங்கிவிடும். இஸட்-வேவ் என்ற மற்றொரு ரேடியோ முறையைப் பயன்படுத்துவோருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் தொல்லை இல்லை, அது ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுகிறது.

நினைவகத்தின் கதை சுருக்கமானது. 1 ஜிபியில் மென்பொருள் எழுந்து நிற்கும், கூட எதையும் சுமக்காது. சென்சார்களை இணைக்க உதவும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை சில்லுகளுக்கு ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் மூலம் நிரல் தொகுக்க முயன்றபோது என் பை 3 நாற்பது நிமிடம் மூச்சுத்திணறிவிட்டு உறைந்து நின்றது. நினைவகம் போதாதபோது வட்டைத் துணைக்கு அழைக்கும், அந்த வட்டும் மெமரி கார்டாக இருந்தால் மேலே சொன்ன மரணம் விரைவுபடும். 2 ஜிபி சிறு வீட்டுக்குப் போதும். 4 ஜிபி இருந்தால் அதைப் பற்றி மீண்டும் யோசிக்க வேண்டியிராது. 8 ஜிபி வாங்குகிறவர்கள் அதே பலகையில் வேறெதையோ ஓட்டப்போகிறார்கள், அல்லது என்னைப் போல அட்டவணை போடுகிறவர்கள். குரலால் கட்டளையிட வேண்டும், அந்தக் குரலை வீட்டுக்குள்ளேயே எழுத்தாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மட்டும் கணக்கு மாறுகிறது: விஸ்பர் மாதிரியை ஓட்டி ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள பை 4 ஏறத்தாழ 8 வினாடி எடுத்துக்கொள்கிறது, இன்டெல் செயலியுள்ள சிறு கணினியில் ஒரு வினாடிக்குள் முடிகிறது. எட்டு வினாடி இருட்டில் நின்றுகொண்டிருப்பவர் தானே போய்ச் சுவிட்சைத் தட்டிவிடுவார். கேமராப் படங்களில் ஆளை அடையாளம் காணும் வேலையும் அப்படித்தான். அதைச் சிறு பலகையின் தலையில் கட்டாதீர்கள்.

பலகையை வாங்கும்போது யாரும் பார்க்காத விஷயம் கர்னல். நான் இதில் ஒரு முறை நன்றாகவே ஏமாந்தேன். பை 3க்குப் பதிலாக நான் முதலில் வாங்கியது பை அல்ல. எட்டுக் கருக்கள், இரு மடங்கு நினைவகம், இரண்டு ஈதர்நெட் துளைகள் என்று காகிதத்தில் பிரமாதமாக இருந்த ஒரு பலகை. தயாரிப்பாளர் தந்த இயங்குதளம் ஒன்றில்தான் அது ஒழுங்காக ஓடியது. அதன் கர்னல் சில ஆண்டுகள் பழையது, சில்லு நிறுவனம் தன் வசதிக்காகத் திருத்தியது. ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பலகை இல்லை. வேறொரு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி அதன் மேல் மென்பொருளை நிறுவினேன். ஓடியது. ஐந்து மாதம் கழித்துச் சாதாரணப் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பின் இரண்டு ஈதர்நெட் துளைகளில் ஒன்று காணாமல் போனது. அடுத்த புதுப்பிப்பில் அது வந்து புளூடூத் போனது. ஒவ்வொரு முறையும் எவரோ ஒரு தன்னார்வலர் தன் ஓய்வு நேரத்தில் சரிசெய்யும்வரை நான் காத்திருந்தேன். குறை அந்தத் தன்னார்வலர்களுடையதல்ல. பலகைகளுக்கென்று லினக்ஸ் தயாரித்துத் தரும் ஆர்ம்பியன் போன்ற திட்டங்கள் இல்லையென்றால் இப்படிப்பட்ட பலகைகளில் பாதி எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

ஆர்ம் வகைச் செயலி கொண்ட இத்தகைய பலகைகளில் இது இயல்பான நோய். ஒவ்வொரு பலகையிலும் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைக் கர்னலுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். மேசைக் கணினியைப் போல அது தானே தடவிக் கண்டுபிடித்துக்கொள்வதில்லை. ஆர்கே3588 என்ற சக்திவாய்ந்த சில்லு கொண்ட பலகைகள் 2022 முதல் வந்தன, திருத்தப்பட்ட 5.10 கர்னலோடு வந்தன. பொதுவான லினக்ஸ் கர்னலுக்குள் அந்தச் சில்லின் எல்லா உறுப்புகளும் வந்துசேர ஆண்டுகள் பிடித்தன. அதனால் எந்தப் பலகையை வாங்குவதாக இருந்தாலும், முதலில் நாம் ஓட்டப்போகும் மென்பொருளின் சொந்த ஆதரவுப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளம் பை பலகைகளோடு ஓட்ராய்டு பலகைகள் சிலவற்றையும் காடாஸ் விம்3ஐயும் நேரடியாக ஏற்கிறது. பட்டியலில் ஒருமுறை இடம்பெற்றதும் நிரந்தரமென்று எண்ணவும் கூடாது. 32 பிட் அமைப்புகளுக்கான ஆதரவை விலக்கிக்கொள்ளப் போவதாக 2025 மே மாதம் அறிவித்து, 2025.12 பதிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். ஓட்ராய்டு எக்ஸ்யூ4, பழைய டிங்கர் போர்டு ஆகியவை அதோடு வெளியேறின. பை 3 வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், ஏனென்றால் அதன் செயலி 64 பிட். இயங்குதளத்தை மட்டும் மாற்றி நிறுவினால் போதுமாயிருந்தது.

ஓபன்ஹாப் என்ற மாற்றுத் தானியக்க மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் பட்டியல் கவலை குறைவு. 2010ஆம் ஆண்டு கய் க்ரொய்ட்சர் தொடங்கிய அது ஜாவாவில் எழுதப்பட்டதால், ஜாவா ஓடும் எந்த லினக்ஸிலும் ஓடிவிடும். பதிலுக்கு நினைவகத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கேட்கும். சி++ல் எழுதிய டோமோடிக்ஸ் என்ற மற்றொரு மென்பொருள் எதிர்மாறு, பழைய பலகைகளில்கூட இலகுவாக ஓடுகிறது. நான் ஹோம் அசிஸ்டன்டிலேயே தங்கியதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அதில் எழுதிவைத்த விதிகள் ஏராளம், மாற்றி எழுதச் சோம்பல்.

பலகையே எதற்கு, ஒரு சிறு மேசைக் கணினி போதாதா என்ற கேள்வி நியாயமானது. 2021 முதல் 2023 வரை பை பலகைகளுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியபோது பலர் அந்தப் பக்கம் போய்த் திரும்பவே இல்லை. 2023ல் வந்த இன்டெல் என்100 செயலி நான்கு கருக்களோடு 6 வாட் வெப்ப வரம்புக்குள் அடங்குகிறது. பெட்டி, எஸ்எஸ்டி, மின்வழங்கி, கடிகாரம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. கர்னல் பிரச்சினை என்பதே இல்லை. மின்கணக்கு மட்டும் பாக்கி. எப்போதும் ஓடும் கருவியில் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 யூனிட் ஆகிறது. எஸ்எஸ்டியோடு சேர்ந்த பை 4 ஏறத்தாழ 5 வாட் என்று வைத்தால் ஆண்டுக்கு 43.8 யூனிட், 10 வாட் எடுக்கும் சிறு கணினி 87.6 யூனிட். வித்தியாசம் இரு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும்; எண்ணாகப் பார்த்தால் ஒரு பழைய குண்டு பல்பை ஒழித்தாலே ஈடுகட்டிவிடலாம். இன்று புதிதாகத் தொடங்குகிறவர், குரலும் கேமராவும் வேண்டுமென்றால், பலகையைத் தேட வேண்டாம் என்றே சொல்வேன். பலகையின் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாற்பது ஊசிகள் ஒரு காலத்தில் வலுவான வாதமாக இருந்தன. இப்போது சென்சார்களை ஈஎஸ்பி32 சில்லில் இணைத்து வைஃபையில் பேசவிடுவதே எளிது. என் பலகையின் ஊசிகளில் இன்றுவரை ஒரு கம்பியும் ஏறியதில்லை.

வெப்பத்துக்கு ஒரு நல்ல உலோகப் பெட்டி போதும். பை 80 பாகை செல்சியஸை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இந்த வேலையில் அந்த எல்லையை அது தொடுவதில்லை. விசிறி வைத்தவர்கள் இரண்டே மாதத்தில் அதன் சத்தத்தைக் கேட்டுக் கழற்றுகிறார்கள்.

கடைசியில் நான் தேர்ந்தது 4 ஜிபி நினைவகம் கொண்ட பை 4. 2019ஆம் ஆண்டு வடிவமைப்பு. நான் வாங்கியபோதே அதைவிட வேகமானவை அரை டஜன் இருந்தன. அதற்கென்றே செய்த மின்வழங்கி, நீலத் துளையில் எஸ்எஸ்டி, கறுப்புத் துளையிலிருந்து அலமாரி உச்சிக்கு ஏறும் நீட்டிப்புக் கேபிளின் முனையில் டாங்கிள், வைஃபையை அணைத்துவிட்டு ஈதர்நெட் கேபிள். காப்புநகல் ஒவ்வோர் இரவும் வேறொரு கணினிக்குப் போகிறது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, வெற்று வட்டு ஒன்றில் முந்தைய இரவின் நகலிலிருந்து வீட்டை மீட்டெடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. "இதுக்குப் பழைய சுவிட்சே தேவலைப்பா" என்று அம்மா அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு முறை சொன்னார்.

பழைய மெமரி கார்டைத் தூக்கி எறியவில்லை. எப்போதாவது அதை மடிக்கணினியில் செருகி, விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்து, நடைபாதை விளக்குக்கான வரிகளை அழித்துச் சேமிப்பேன். சேமித்தாயிற்று என்று மடிக்கணினி சொல்லும். கார்டை உருவி மீண்டும் செருகினால், அதிகாலை 5 மணி அங்கேயே இருக்கிறது.